மணி அடிக்காத பூசை

பேய், பிசாசு என்று நான் எதையும் சொல்ல வரவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள். நானும் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

என் பெண்டாட்டி தங்கம் செத்த பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. சாயங்காலம் மூன்றரை மணி இருக்கும். பாசிர் ரிஸில் ஒன்பதாவது மாடி வீடு எங்களுடையது. அந்த நேரத்தில் வெயில் நேராகக் கூடத்தில் விழும். அடுப்படியில் கோப்பையைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். ஜன்னலோரம் கிடந்த சக்கர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டும் ஊதாச் சேலை. தலை வாரியிருந்தது. பக்கவாதத்தில் போன வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையை மட்டும் இறுக மூடி வைத்திருந்தாள்.

மூன்று மூச்சு விடும் நேரம். அப்புறம் வெறும் நாற்காலி.

புரை எடுத்த கண், வெயிலில் கூசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மீன் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். நான் ஒருத்தன்தான். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் அவள். அதே சேலை, அதே மூடிய கை. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கோபம் எனக்குப் பழக்கம், நாற்பத்தெட்டு வருசம் பார்த்தது. இது எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் மீனை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு போய் எடுத்தேன். மீன் விற்கிற விலைக்கு.

நாற்காலி இருப்பதால்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஏழாவது மாடி ரஃபீக் தன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லியிருந்தான். எடுத்துக்கொண்டு போ என்றேன். சனிக்கிழமை காலையில் வந்தான்.

"அண்ணே, நானே கழுவிக்கிறேன், நீங்க உக்காருங்க."

"கழுவின நாற்காலிதான். உங்க அத்தா என்ன, புதுசு குடுத்தாதான் உக்காருவாரா?"

"அவருகிட்ட நீங்க உக்காந்த சீட்டுன்னு சொன்னாலே உக்கார மாட்டாரு லா. நீங்க அவரைக் கேரம்ல ஏமாத்தினதை இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு."

"ஏமாத்தலை. அவருக்குக் கண்ணு தெரியலை."

சிரித்துக்கொண்டே மெத்தையைத் தூக்கித் தட்டினான். அடியிலிருந்து ஒரு மாத்திரை டப்பா விழுந்தது. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை வைத்த நீல டப்பா. மூடி உடைந்து போனதென்று நான் எப்போதோ தூக்கி எறியச் சொன்னது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். ரஃபீக் ஓர் அறையைத் திறந்து பார்த்தான்.

"மாத்திரை இல்லண்ணே. என்னமோ அப்பளம் மாதிரி வெள்ளையா, வட்டமா. சிலுவை போட்டிருக்கு."

பிடுங்கிக்கொண்டேன். ஏழு அறையிலும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் சின்ன டிஷ்யூத் துண்டில் பொத்தி வைத்திருந்தது.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்லை. நாற்காலியை எடுத்துட்டுப் போ."

அவன் போனதும் டப்பாவை மேசையில் வைத்தேன். பிறகு மேசையில் பேப்பர், பல்குச்சி எல்லாம் கிடக்கிறதே என்று மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். வைத்த பிறகு எனக்கே எரிச்சலாக இருந்தது. வெறும் மாவு என்று சொன்னவனே நான்தானே.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது மணி அடிப்பார்கள். எழுந்தேற்றம் என்போம். அந்த நேரத்தில்தான் மாவு மாவாக இல்லாமல் ஆண்டவராகிறது. அதைத்தான் நன்மை என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணி அடித்தால் ஆண்டவர் வருவார்.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் ஜெப அறையில் ஞாயிறு நாலு மணிக்குத் தமிழ்ப் பூசை. சாமியார் ஒருவர் வந்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கத்தை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். அந்தச் சாமியார் நெஞ்சு ஆபரேசனுக்கு இந்தியா போய்விட்டார். மற்றச் சாமியார்களுக்கு அவரவர் கோயில் வேலையே தலைக்கு மேலே. அதனால் சுதா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நாற்பது வயது, பேண்ட் சட்டை, கழுத்தில் அட்டை. பைபிள் வாசித்தாள், பரலோக மந்திரம் சொல்லவைத்தாள், ஒரு பித்தளைச் சிமிழைத் திறந்து எல்லோருக்கும் நன்மை கொடுக்க ஆரம்பித்தாள். மணி இல்லை. எழுந்தேற்றம் இல்லை. நான் எழுந்து வெளியே வந்து செருப்பு அலமாரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது தங்கம்தான் கேட்டாள். முதல் வாதத்துக்குப் பிறகு பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும்.

"ஏங்க எந்திரிச்சுப் போனீங்க?"

"மணி அடிக்காம என்ன நன்மை? வெறும் மாவு. கடையில வாங்கினதைச் சிமிழ்ல போட்டுக் குடுக்குது அந்தப் பொண்ணு."

"அப்படியா சொல்றீங்க?"

"மாவுக்கு முன்னால ஆமென் சொல்றது பொய் சத்தியம் மாதிரி. தின்னா பாவம். சாகப்போற வயசுல உனக்கு அது வேற வேணுமா?"

சேலை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "நான் சாப்பிட்டுட்டேனே இன்னிக்கு," என்றாள்.

"இன்னிக்குத் தெரியாம சாப்பிட்டே. இனிமே வாங்காதே."

"முகத்துக்கு நேரா நீட்டுது. வேணாம்னு எப்படிங்க சொல்றது? மனசு சங்கடப்படாதா?"

அது உன் பாடு என்றேன். அப்படித்தான் சொன்னேன். வேறு வார்த்தை எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவளை உள்ளே தள்ளி விட்டுவிட்டு நான் வெளியே உட்காருவேன். திரும்பும்போதெல்லாம் இடது கையை மூடி மடியில் வைத்திருப்பாள். அந்தக் கைக்கும் வாதம் இறங்குகிறதோ என்று டாக்டரிடம்கூடக் கேட்டேன். விரல் நன்றாக இருக்கிறது என்றார் அவர்.

இந்த ஊரில் நன்மையைக் கையில்தான் கொடுக்கிறார்கள். வாங்கி வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய், கைக்குட்டைக்குள் தள்ளியிருக்கிறாள். மாவு என்று நம்பியிருந்தால் குப்பைத்தொட்டியில் போட்டிருப்பாள். ஆண்டவர் என்று நம்பியிருந்தால் சாப்பிட்டிருப்பாள். இரண்டும் செய்யத் தைரியம் இல்லாமல் மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நாள்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் ஞாயிறு சாப்பிட்டது போக ஏழு ஞாயிறு, ஏழு அறை. அதற்கு அப்புறமும் ஒரு ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் இரண்டாவது வாதம் வந்து பேச்சு மொத்தமாக நின்றது. ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள், வீட்டில்தான் இருந்தாள். ஞாயிறன்று கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். தள்ளிக்கொண்டு போனேன். செவ்வாய் விடியுமுன் உயிர் போய்விட்டது. சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலுக்குக்கூடச் சாமியார் வந்து சேரவில்லை. அப்படியென்றால் அந்தக் கடைசி ஞாயிறு வாங்கியதுதான் அவளுக்கு வழிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. அதையும் தின்னாமல் ஒளித்தாளா?

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். சேலை மடிப்பு, தலையணை உறை, கண்ணாடிக் கூடு, ஜெபமாலைப் பை. ரஃபீக் வீட்டுக்குப் போய் அவன் அத்தாவை எழுந்திருக்கச் சொல்லி நாற்காலியையும் குடைந்தேன். அவர் திட்டினார். எட்டாவது கிடைக்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தேன். நாற்காலி இல்லாத அந்த இடத்தில், உட்கார்ந்த உயரத்தில் அவள் இருந்தாள். கை மூடித்தான் இருந்தது.

"என்னடி கேக்கறே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஜன்னலைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன். சுதா ஃபேரர் பார்க்கில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிறாள் என்று இல்லத்தில் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் கீழே காப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். நெருக்கியடிக்கிற கூட்டம், மேசையில் யாரோ விட்டுப்போன மீ கோரெங் நூடுல்ஸ் தட்டு. டப்பாவை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தேன்.

அவள் முகம் மாறியது. பட்டென்று டப்பாவை மூடினாள். கழுத்துத் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். பிறகு அப்படியே இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இங்க வெக்காதீங்க. எழுந்திருங்க, எழுந்திருங்க."

"காப்பி சொல்லியிருக்கேன்."

"காப்பியா முக்கியம்? வாங்க லா!"

பின்சந்தில் ஏசி மிசின் இரைச்சலுக்கு நடுவே நின்றோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். மணி அடிக்காததைச் சொன்னேன், மாவு என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இருந்தது. வாயில் வரவில்லை.

"அங்கிள், மணி ஏற்கெனவே அடிச்சாச்சு."

"எங்கே அடிச்சுது? நான் வாசல்லதானே உக்காந்திருந்தேன்."

"கோயில்ல. சனிக்கிழமை பூசையில சாமியார் எழுந்தேற்றம் பண்ணினதுதான் பேழையில இருக்கும். ஞாயித்துக்கிழமை அதைத்தான் சிமிழ்ல எடுத்துக்கிட்டு நேரா உங்ககிட்ட வர்றேன். வழியில டீ குடிக்க மாட்டேன், போன் எடுக்க மாட்டேன். என் மகளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். நான் எதையும் ஆக்கலை அங்கிள். தூக்கிட்டு வர்றேன், அவ்வளவுதான்."

நான் சாங்கி விமான நிலையத்தில் முப்பத்தோரு வருசம் சரக்கு தூக்கினவன். பிணப்பெட்டிகூடத் தூக்கியிருக்கிறேன். தூக்குகிறவன் செய்தவன் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தையை எட்டு ஞாயிறில் ஒரு ஞாயிறு உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைக்கிற சென்மம் நான்.

"அப்போ இது..."

"ஆமா அங்கிள்."

என் சட்டைப்பை சுட்டது மாதிரி இருந்தது. பாசிர் ரிஸிலிருந்து ரயிலில் அதன்மேல் குடையைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

"கடைசி ஞாயிறு என்ன நடந்துச்சு? அதைச் சொல்லு. டப்பாவுல எட்டாவது இல்லை."

சுதா கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கு ஆன்ட்டியால கையைத் தூக்க முடியலை. இடது கையும் விழுந்துடுச்சு. அதனால நாக்குல வெச்சேன்."

"வாயைத் திறந்தாளா?"

"வாய் ஏற்கெனவே கொஞ்சம் கோணித் திறந்துதான் இருந்துச்சு அங்கிள். நான் கிறிஸ்துவின் உடல்னு சொன்னேன். ஆமென் சொல்ல வரலை அவங்களுக்கு. கண்ணுல தண்ணி கொட்டுச்சு. தலையை ஆட்டினாங்க. நான் சரின்னு வெச்சுட்டேன். எனக்கே அழுகை வந்துடுச்சு, எவ்வளவு பக்தின்னு."

"தலையை எப்படி ஆட்டினா?"

"எப்படின்னா?"

"இப்படியா?" தோள் பக்கம் சாய்த்து ஆட்டிக் காட்டினேன், சரி என்கிற மாதிரி. "இல்ல, இப்படியா?" வேண்டாம் என்கிற மாதிரி ஆட்டினேன்.

அவள் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். நிறுத்தினாள். இன்னொரு தடவை வேறு மாதிரி ஆட்டினாள். முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது, நான் என்ன கேட்கிறேன் என்று.

"எனக்குத் தெரியலை அங்கிள்."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"சத்தியமா தெரியலை. நான் நன்மை கீழ விழுந்துடக்கூடாதுன்னு அவங்க நாக்கையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஒருத்தி பொய் சொன்னால் எனக்குத் தெரியும். இவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரின்னுதான் ஆட்டினாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம்.

"இந்த ஏழையும் என்ன பண்ணுவே?"

"கோயிலுக்குக் கொண்டுபோறேன். தண்ணியில கரைய வெச்சு, கால் மிதிபடாத மண்ணுல ஊத்துவாங்க."

"நான் சாப்பிட்டுடவா? அவளுக்குப் பதிலா."

"பாவசங்கீர்த்தனம் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"அதைக் கேக்காதே."

"அப்போ முதல்ல அதைப் பண்ணுங்க." நெஞ்சோடு பிடித்த கையை எடுக்காமலேயே மற்றக் கையால் கிளினிக்குக்குப் போன் போட்டு அரைநாள் லீவு சொன்னாள். டாக்ஸி நிறுத்தினாள். அவள் மட்டும் ஏறினாள், ஏறினபிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கையசைக்கவும் இல்லை. ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் வழியில் பேசமாட்டாள் என்று அப்புறம்தான் உறைத்தது.

அந்த வாரம் தங்கம் தினமும் வந்தாள். மூங்கிலில் துணி காயவைக்கிற ஜன்னலில், பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், ஒரு தடவை தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலைக் கடைக்குப் பக்கத்தில். டப்பா போயாகிவிட்டது, கை திறக்கும் என்று பார்த்தேன். திறக்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்தேன். "வேணும்னு ஆட்டினியா, வேணாம்னு ஆட்டினியா?" என்று கேட்டேன். வெற்றிலைக்காரி, "எத்தனை கவுளி?" என்றாள்.

வேண்டாம் என்று ஆட்டியிருந்தால் அவள் எப்படிச் செத்தாள் என்று யோசித்துப் பாருங்கள். மாவைத் தின்றால் பாவம் என்று புருசன் சொல்லியிருக்கிறான். தடுக்கக் கை இல்லை, சொல்ல வாய் இல்லை. கடைசியில் பாவத்தோடு போகிறோம் என்று பயந்துகொண்டே போயிருப்பாள். இரண்டு நாள் அந்தப் பயத்தோடு படுத்திருப்பாள். பக்கத்தில் நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பதினெட்டு வருசப் பாவத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னேன். உள்ளே இருந்த சாமியார் மற்றதையும் கேட்டார். சொன்னேன். ஆண்டவர் அவள் மனசை அறிவார் என்றார். அறிவார், சரி. எனக்குச் சொல்லமாட்டார்.

ஞாயிறு நாலு மணிக்கு இல்லத்துக்குப் போனேன். அன்றைக்கும் சாமியார் இல்லை, சுதாதான். செருப்பை விட்டுவிட்டு முதல்முறையாக முன் வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில், சக்கர நாற்காலி நிறுத்துகிற இடைவெளி காலியாக இருந்தது. காலி என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊதாச் சேலையின் ஓரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

வரிசையில் போய் நின்றேன். கையில் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாக்கை நீட்டினேன். சுதா கொஞ்சம் தயங்கி, "கிறிஸ்துவின் உடல்" என்றாள். "ஆமென்" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து நாக்கை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். விழுங்கக்கூடாது என்றே இருந்தேன். வேண்டாம் என்கிற ஆளால் இதைத் தடுக்க முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கை இல்லாமல், வாய் இல்லாமல். கடைசிப் பாட்டில் இரண்டாவது அடி வரும்போதே ஓரம் கரைந்துவிட்டது. தொண்டையை இறுக்கினேன். பாட்டு முடியுமுன் எதுவும் இல்லை. நான் விழுங்கவில்லை. அது போய்விட்டது.

அப்படித்தான் அவளுக்கும் போயிருக்கும். அது உள்ளே போனது நிச்சயம். அவள் விரும்பிப் போனதா, வேண்டாம் என்று பயந்திருக்கும்போதே போனதா, அது மட்டும் எனக்குக் கிடைக்காது.

எல்லோரும் எழுந்தார்கள். அவளுக்கும் சேர்த்து இன்னொரு ஆமென் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு அவளுக்குச் சொல்ல வராத ஆமென். சுதாகூட என்னைப் பார்த்தாள், அவளுக்கும் அதே நினைப்பு இருந்ததோ என்னவோ.

சொல்லவில்லை. மாவு என்று அவளுக்காக நான் ஒரு தடவை பேசியது போதும்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒரு சக்கர நாற்காலி உருளும் அகலம் விட்டு, நடைபாதையின் ஓரமாகவே நடந்தேன்.